டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தும் எச்சரிக்கை விளக்கு அணையலை: சென்சார் மாத்தியே ஆகணுமா?

தாட்டோன்காரன்

எல்லாருக்கும் வணக்கம். விவரம் தெரிஞ்சவங்க ஒரு வழி சொல்லுங்க.

என்னோடது ஜப்பான்ல இருந்து வந்த பழைய 250 சிசி வண்டி, ரெண்டாம் கையா வாங்கினது. கார்புரேட்டர்தான், ஆனா பெட்ரோல் குழாய் வேக்குவத்துல திறக்கிற மாதிரி. அதுல ரிசர்வ்னு ஒரு நிலையே கிடையாது. முள்ளு காட்டுற மீட்டரும் இல்லை. பெட்ரோல் தீரப்போகுதுன்னு சொல்ல மீட்டர்ல ஒரே ஒரு மஞ்சள் விளக்கு, அவ்வளவுதான்.

அந்த விளக்குதான் கோளாறு. சாவியைத் திருப்பினதும் எரியுது, அணையவே மாட்டேங்குது. டேங்க் வாய் வரைக்கும் நிரப்பினாலும் அப்படித்தான். பகல்ல உத்துப் பார்த்தாத்தான் தெரியும், ராத்திரியில நல்லாத் தெரியும். பெட்ரோல் நிஜமாவே குறைஞ்சு வண்டி இழுக்க ஆரம்பிச்ச நேரத்துல கூட அதே மங்கலாத்தான் எரிஞ்சுது, கொஞ்சமும் பிரகாசம் கூடலை.

வேலை விஷயமா இங்கே பர்மாவுல தாட்டோனுக்கும் மோலமைனுக்கும் அடிக்கடி போய் வரணும். கிட்டத்தட்ட 70 கிலோமீட்டர். ராத்திரி திரும்பும்போது வழியில பாட்டில் பெட்ரோல் விக்கிற கடை எல்லாம் மூடியிருக்கும். அதனால இதைச் சும்மா விட மனசில்லை. இங்கே ஒரு பட்டறையில காட்டினேன், சென்சார் போச்சு, தாய்லாந்து எல்லையில இருக்கிற மியாவாடி வழியாத்தான் வரவழைக்கணும், மாசக்கணக்காகும்னு சொல்றாங்க. ஆர்டர் கொடுக்கிறதுக்கு முன்னால உங்ககிட்ட கேக்கலாம்னு எழுதுறேன்.


பெகு பையன்

அண்ணே, சென்சார்தான். சந்தேகமே வேணாம். பழைய வண்டியில முதல்ல சாகிறது அதுதான். என் வண்டியிலயும் இதே தொல்லை வந்தப்ப ஒயரைக் கழட்டி விட்டுட்டேன். டேங்க் மூடியைத் திறந்து வண்டியை ஒரு ஆட்டு ஆட்டினா எவ்வளவு இருக்குன்னு தெரிஞ்சுடும். காசு மிச்சம்.


மோலமைன் பட்டறை

தம்பி தாட்டோன், ஆர்டர் எதுவும் இப்ப கொடுக்காதீங்க. நீங்க சொன்ன அடையாளத்துலயே ஒரு விஷயம் இருக்கு. விளக்கு முழுசா எரியலை, மங்கலா எரியுது. டேங்க் காலியானாலும் மாறலை. இந்த ரெண்டையும் சேர்த்துப் பார்த்தா நான் சென்சாரை முதல்ல சந்தேகப்பட மாட்டேன்.

இந்த விளக்கை எரிய வைக்கிற முறை வண்டிக்கு வண்டி வேற. பெரும்பாலும் ரெண்டு ஜாதி. ஒண்ணு மிதவை. டேங்குக்குள்ள ஒரு கம்பி நுனியில மிதவை இருக்கும், பெட்ரோல் இறங்க இறங்க அதுவும் இறங்கி, ஒரு தடத்து மேல தொடுமுனை நகரும், ஓம் கணக்குல சொல்ற மின்தடை மாறும். முள்ளு மீட்டர் உள்ள வண்டியில எல்லாம் இதுதான். தாய்லாந்துல இருந்து வர்ற 110, 125 சிசி வண்டிகள்ல நாம தினமும் பார்க்கிறது.

இன்னொண்ணுக்கு அசையற பாகமே கிடையாது. ஓட்டை போட்ட ஒரு சின்ன உலோகக் குப்பிக்குள்ள மிளகு அளவுல ஒரு தெர்மிஸ்டர் உக்காந்திருக்கும். சூடானா அதோட தடை குறையும், அதுதான் அதோட குணம். பேட்டரியில இருந்து வர்ற மின்சாரம் பல்பு வழியா வந்து, இந்தத் தெர்மிஸ்டர் வழியா எர்த்துக்குப் போகும். பெட்ரோல்ல மூழ்கி இருக்கிற வரைக்கும் பெட்ரோல் அதோட சூட்டை எடுத்துக்கிட்டே இருக்கும். தடை அதிகமா நிக்கும், பல்பு எரியாது. பெட்ரோல் இறங்கி அது காத்துல நின்னதும், தன் வழியா ஓடுற மின்சாரத்தாலேயே தானா சூடாகும். சூடாக ஆகத் தடை குறையும், தடை குறையக் குறைய இன்னும் சூடாகும், பல்பு எரிஞ்சுடும். அதனாலதான் இந்த ஜாதி வண்டியில விளக்கு சட்டுனு வராது, கொஞ்ச நேரம் எடுத்து மெல்ல ஏறும்.

முள்ளு இல்லாம ஒத்தை விளக்கு மட்டும் உள்ள பழைய ஜப்பான் வண்டின்னா அநேகமா இந்த ரெண்டாவது ஜாதிதான்.

இப்ப ஒரே ஒரு கேள்வி. ராத்திரி சாவியைப் போட்டா மீட்டர் எண்கள் மேல விழற வெளிச்சம் என்ன நிறம்? இளமஞ்சளா, இல்லை வெள்ளையோ நீலமோ?


தாட்டோன்காரன்

பட்டறை சயா, நல்ல வெள்ளை, லேசா நீலம் கலந்த மாதிரி. நான் வாங்கும்போதே அப்படித்தான் இருந்துச்சு. வித்தவர் மீட்டருக்குள்ள எல்லாத்தையும் எல்ஈடி ஆக்கியிருக்கேன், பேட்டரி மிச்சமாகும்னு அதை ஒரு சிறப்பாவே சொல்லித்தான் கொடுத்தார். அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இருக்குதா?


மோலமைன் பட்டறை

சம்பந்தம் இருக்கு தம்பி. அதுதான் விஷயமே. பல்பு வெறும் வெளிச்சத்துக்கு மட்டும் இல்லை, அந்தச் சுற்றுல அதுவும் ஒரு பாகம். ஒத்தையா அதை மாத்தினா சென்சார் வேலை செய்யிற விதமே கெட்டுப்போகும். கணக்கு எனக்குச் சரியாச் சொல்ல வராது. ரங்கூன்ல இருக்கிற நம்ம ரேடியோக்காரர் இந்தப் பக்கம் வந்தா விளக்கிச் சொல்லட்டும்.


ரங்கூன் ரேடியோ

வந்துட்டேன் அண்ணே. 2003ல இருந்து ரங்கூன் நகருக்குள்ள மோட்டார் சைக்கிளுக்கு அனுமதி இல்லாததால வண்டி ஓட்டுற அனுபவம் எனக்குக் குறைவு. மின்சாரம் எந்த ஊர்லயும் ஒண்ணுதானே, சொல்றேன்.

அந்த இடத்துல இருந்த பழைய பல்பு பொதுவா 12 வோல்ட், 3.4 வாட். 3.4ஐ 12ஆல வகுத்தா 0.28 ஆம்பியர், அதாவது 280 மில்லி ஆம்பியர் ஓடினாத்தான் அது முழுசா எரியும். பெட்ரோல்ல மூழ்கின தெர்மிஸ்டரோட தடை ஆயிரம் ஓம் பக்கம்னு வெச்சுக்குங்க, வண்டிக்கு வண்டி கொஞ்சம் மாறும். அந்த நிலையில ஓடுறது 12 மில்லி ஆம்பியர் மாதிரிதான். அவ்வளவு கம்மியா ஓடினா பல்போட இழை சிவக்கக்கூட ஆரம்பிக்காது. பார்க்கிறவனுக்கு அணைஞ்ச பல்பு.

அதே இடத்துல எல்ஈடியை வைங்க. எல்ஈடிக்கு 12 மில்லி ஆம்பியரே தாராளம். ரெண்டு மூணு மில்லி ஆம்பியர்லயே கண்ணுக்குத் தெரியற மாதிரி எரியும். டேங்க் நிறைய இருக்கும்போதும் எரியறதுக்கு இதுதான் காரணம்.

அடுத்தது, டேங்க் காலியான பிறகும் ஏன் பிரகாசமாகலை? எல்ஈடியோட உள்ளேயே ஒரு ரிசிஸ்டர் இருக்கும், அது மின்சாரத்தைப் பத்து இருபது மில்லி ஆம்பியருக்கு மேல போக விடாது. தெர்மிஸ்டர் தானாச் சூடாகணும்னா அதைவிடப் பல மடங்கு ஓடணும். ஓடாததால அது காத்துல நின்னாலும் சூடாகிறதே இல்லை. தாட்டோன் தம்பியோட ரெண்டு அடையாளத்துக்கும் இந்த ஒரே விடைதான் பொருந்துது. சென்சார் நல்லா இருக்கவே வாய்ப்பு அதிகம்.


பெகு பையன்

அப்போ பட்டறையில மல்டிமீட்டர் வெச்சுப் பார்த்துத்தானே சென்சார் போச்சுன்னு சொல்லியிருப்பாங்க? மீட்டர் பொய் சொல்லுமா?


ரங்கூன் ரேடியோ

மீட்டர் பொய் சொல்லாது தம்பி, ஆனா இந்தக் கேள்விக்கு அதுகிட்ட பதில் இல்லை. ஓம் அளக்கும்போது மல்டிமீட்டர் விடுற மின்சாரம் ரொம்ப ரொம்பக் கம்மி. அதால தெர்மிஸ்டரைச் சூடாக்க முடியாது. அதனால பெட்ரோல்ல இருந்தாலும் வெளிய எடுத்து வெச்சாலும் ஏறக்குறைய ஒரே எண்தான் காட்டும். "மாறவே இல்லை, அதனால செத்துப்போச்சு"ன்னு முடிவு கட்டுறாங்க. எத்தனை நல்ல சென்சார் இப்படிக் குப்பைக்குப் போயிருக்கும்னு நினைச்சா வருத்தமா இருக்கு. மீட்டரால கண்டுபிடிக்க முடியறது ஒண்ணுதான்: எல்லையே இல்லாத தடை காட்டினா உள்ளே அறுந்திருக்கு, சுழியம் காட்டினா உள்ளே ஒட்டியிருக்கு. நடுவுல ஏதாவது எண் வந்தா, பல்பு வெச்சுத்தான் சோதிக்கணும்.


மோலமைன் பட்டறை

அந்தச் சோதனையை நான் சொல்றேன். ஜப்பான் கம்பெனிகளோட பட்டறைப் புத்தகத்துலயே இருக்கிற முறைதான் இது.

முதல்ல இடம். வெட்டவெளியில செய்யணும். சமையல் அடுப்பு, சாமி விளக்கு, ஜெனரேட்டர் எதுவும் பக்கத்துல இருக்கக் கூடாது. பக்கத்துல நிக்கிறவர் வாயில சுருட்டு இருந்தா தயவுசெஞ்சு தூரமா அனுப்பிடுங்க. பெட்ரோல் ஆவி காத்தைவிடக் கனமானது, தரையோட ஊர்ந்து போய் எங்கேயோ இருக்கிற நெருப்பைத் தேடிப் பிடிக்கும். இதை நான் பயமுறுத்தச் சொல்லலை. பட்டறை எரிஞ்சு போனதைக் கண்ணால பார்த்தவன் சொல்றேன்.

பேட்டரியோட நெகடிவ் ஒயரைக் கழட்டுங்க. டேங்கை இறக்கி, பெட்ரோலை வடிச்சு மூடி உள்ள கேன்ல ஊத்துங்க. உங்க ஜாதி வண்டியில சென்சார் டேங்குக்கு அடியில ஒரு தட்டோட திருகியிருக்கும். கழட்டி எடுத்து நல்லா உலர விடுங்க. டேங்க் ஓட்டையைச் சுத்தமான துணியால அடைச்சு, டேங்கைத் தூரமா வெச்சுடுங்க. சோதனை நடக்கிற இடத்துல பெட்ரோல் வாசனையே இருக்கக் கூடாது.

இப்ப ஒரு 12 வோல்ட் பேட்டரி, ஒரு 3.4 வாட் பல்பு, நம்ம சென்சார், மூணையும் வரிசையாக் கோத்துவிடுங்க. பேட்டரி பாசிடிவ்ல இருந்து பல்பு, பல்புல இருந்து சென்சார், சென்சார்ல இருந்து நெகடிவ். சென்சார் காத்துல தொங்கட்டும். கொஞ்ச வினாடி ஒண்ணும் நடக்காது, அப்புறம் பல்பு மெல்லச் சிவந்து எரிய ஆரம்பிக்கும். எரிஞ்சதும் சென்சாரை ஒரு கிண்ணம் தண்ணியில முக்குங்க. பெட்ரோல்ல இல்லை, தண்ணியில! பல்பு அணையணும். வெளிய எடுத்தா மறுபடியும் கொஞ்ச நேரத்துல எரியணும்.

எரிஞ்சு, முக்கினா அணைஞ்சா சென்சார் நல்லது. காத்துல எவ்வளவு நேரம் வெச்சாலும் எரியலைன்னா, இல்லை தண்ணிக்குள்ள வெச்சும் அணையலைன்னா, அப்பத்தான் புதுசு தேடணும். பல்பு வாட் முக்கியம். கையில கிடைச்ச 1.7 வாட், 1.2 வாட் பல்பைப் போட்டுப் பார்த்துட்டு எரியலைன்னு சொல்லாதீங்க. அடியில பொடி எழுத்துல எழுதியிருக்கும், படிச்சுப் பார்த்து எடுங்க.

திரும்ப மாட்டும்போது தண்ணி சுத்தமாப் போகணும், அதோட ரப்பர் வளையத்தைப் புதுசாப் போடணும். நம்ம மொன் மாநிலத்துல ரப்பருக்குப் பஞ்சம் இல்லை. அதனால இங்கே பழைய ட்யூபை வெட்டி வளையமாப் போடுற பழக்கம் ரொம்ப நாளா இருக்கு. அது வேண்டாம். தோட்டத்து ரப்பர் பெட்ரோல்ல ஊறிப் பெருத்துக் கொழகொழன்னு ஆயிடும், அடுத்த மாசம் எஞ்சின் மேல சொட்டும். கடையில நைட்ரைல் ரப்பர்னு கேட்டு வாங்குங்க.


பியூ டீச்சர்

ஐயா, இந்த இழையைப் படித்துக்கொண்டே வந்தேன். என் வண்டிக்கும் இதே நோய்தானா என்று கேட்க வேண்டும். பள்ளிக்குப் போய்வரும் 125 சிசி வண்டி, தாய்லாந்துத் தயாரிப்பு, முள் காட்டும் மீட்டர் உண்டு. திஞ்சான் தண்ணீர்த் திருவிழாவில் பிள்ளைகள் குழாய் வைத்து வண்டியோடு சேர்த்து என்னையும் நனைத்துவிட்டார்கள். நல்ல நாள் என்று நானும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்கு அடுத்த வாரத்திலிருந்து முள் காலி என்று காட்டும் 'E' குறியில் படுத்தே கிடக்கிறது, பக்கத்தில் எச்சரிக்கை விளக்கும் எரிகிறது. பெட்ரோல் நிறைய இருக்கிறது. மீட்டரில் எல்ஈடி எதுவும் மாற்றவில்லை. அருகில் நல்ல பட்டறை இல்லை. நானே செய்யக்கூடியதாக இருந்தால் செய்வேன், கருவி பிடிக்கத் தெரியும்.


மோலமைன் பட்டறை

டீச்சரம்மா, உங்களோடது மிதவை ஜாதி, வேற நோய். நீங்களே தாராளமாச் செய்யலாம். உங்க மாதிரி வண்டியில டேங்க் சீட்டுக்கு அடியிலதான் இருக்கு, சீட்டைத் தூக்கினா டேங்க் மேல வட்டமா சென்சார் தெரியும், அதுல இருந்து ஒயர் ஒரு ப்ளக்குக்கு வரும். டேங்க் மூடியை இறுக்கி மூடிட்டு ஆரம்பிங்க.

ப்ளக்கைப் பிரிங்க. மீட்டர் பக்கம் போற பாதியைக் கையில எடுங்க. ஒரு சின்ன ஒயர்த் துண்டால சிக்னல் ஒயரையும் எர்த் ஒயரையும் ஒண்ணு சேர்த்துட்டு, அப்புறம் சாவியைப் போட்டு முள்ளைப் பாருங்க. இந்த வண்டிகள்ல தடை குறைஞ்சா முள் எஃப் பக்கம், அதாவது நிறைஞ்ச டேங்க் பக்கம் ஏறும். முள் ஏறினா மீட்டரும் ஒயரும் நல்லது, கோளாறு டேங்குக்குள்ள இருக்கிற சென்சார்ல. ஏறலைன்னா கோளாறு ஒயர்லயோ மீட்டர்லயோ. ரொம்ப நேரம் சேர்த்துப் பிடிக்காதீங்க, மீட்டர் சுருள் சூடாகிக் கெட்டுப்போகும். முள் அசையுதான்னு தெரிஞ்சதும் சாவியை எடுத்துடுங்க.

ஏறலைன்னா அடுத்த படி. அதே சிக்னல் ஒயரை ப்ளக்ல உள்ள எர்த்தோட சேர்க்காம, நீளமா ஒரு ஒயர் எடுத்து நேரா பேட்டரி நெகடிவோட சேருங்க. இப்ப முள் ஏறினா சிக்னல் ஒயர் நல்லது, எர்த் வழியில எங்கேயோ அறுந்திருக்கு, இல்லை பச்சை பிடிச்சிருக்கு. திஞ்சானுக்கு அப்புறம்னு நீங்க சொன்னதால என் மனசு அங்கேதான் போகுது. எர்த் போயிட்டா மீட்டருக்கு எல்லையில்லாத தடையாத் தெரியும், அதை அது காலி டேங்க்னு எடுத்துக்கும். முள்ளும் படுக்கும், விளக்கும் எரியும்.

ஒயர் நிறம்: ஹோண்டான்னா எர்த் பச்சை. யமஹான்னா கறுப்பு. சுசுகின்னா கறுப்புல வெள்ளைக் கோடு. கவாசாகின்னா கறுப்புல மஞ்சள் கோடு. ஹோண்டா சின்ன வண்டியில கறுப்பு ஒயர் சாவி போட்டா வர்ற 12 வோல்ட். யமஹா ஓட்டிப் பழகினவங்க அதை எர்த்னு நினைச்சு ஒட்டினா ஃப்யூஸ் போயிடும். அதனால நிறத்தை மட்டும் நம்பாம டெஸ்டர் வெச்சுப் பார்த்துட்டுச் செய்யுங்க.


மண்டலே பாய்

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லாருக்கும் வணக்கம். பார்ட்ஸ் கடைக்காரன்ங்கிற முறையில ஒண்ணு சேர்த்துச் சொல்றேன்.

டீச்சரம்மாவுக்கு ஒருவேளை சென்சார்தான் மாத்த வேண்டி வந்தா, பார்க்க ஒரே மாதிரி இருக்குன்னு வாங்கிடாதீங்க. மிதவை சென்சார்ல 100 ஓம் ஜாதி இருக்கு, 510 ஓம் ஜாதி இருக்கு, வேற அளவும் இருக்கு. மூஸே வழியா சீனாவுல இருந்து வர்றதும், மியாவாடி வழியா தாய்லாந்துல இருந்து வர்றதும் கம்பி நீளம், திருகு ஓட்டை எல்லாம் அச்சா ஒண்ணா இருக்கும், ஓம் மட்டும் வேற. மாத்திப் போட்டா அரை டேங்குக்கு நிறைஞ்ச டேங்க் காட்டும், இல்லை நிறைஞ்ச டேங்குக்குக் காலி காட்டும். பழைய சாமானைக் கையில கொண்டு போங்க. கடைக்காரர்கிட்ட மல்டிமீட்டர் கேட்டு வாங்கி, மிதவையை மேலயும் கீழயும் தூக்கி ரெண்டு அளவையும் ஒத்துப் பாருங்க. நடுவுல நகர்த்தும்போது எண் சீரா மாறணும், எங்கேயாவது துள்ளினா அந்தச் சாமான் வேண்டாம். நல்ல கடைக்காரர் இதுக்குக் கோவிச்சுக்க மாட்டார்.

மிதவையைக் காதுகிட்ட வெச்சு ஆட்டிப் பாருங்க. உள்ளே சளசளன்னா பெட்ரோல் புகுந்திருக்கு, அது மிதக்காது.

தாட்டோன் தம்பிக்கு: நீங்க கேக்கிற தெர்மிஸ்டர் சாமான் எங்க பக்கம் எப்பவாவதுதான் வரும். சோதிச்சுப் பார்த்துட்டே சொல்லுங்க, அவசரம் இல்லை.


பெகு பையன்

எல்லாம் சரி. ஆனா ஒரு சின்ன விளக்குக்காக டேங்கை இறக்கி, வடிச்சு, சோதிச்சு... ஆட்டிப் பார்த்தா தெரியற விஷயம்தானே அண்ணே?


மோலமைன் பட்டறை

தம்பி, உங்க வண்டி கார்புரேட்டரா, இன்ஜெக்ஷனா? இன்ஜெக்ஷன்னா கொஞ்சம் பொறுமையா இதைப் படிங்க.

பழைய வண்டியில ரிசர்வ் குழாய் இருந்துச்சு. பெட்ரோல் தீந்தா வண்டி இழுக்கும், கையை விட்டுக் குழாயைத் திருப்பினா இன்னும் கொஞ்ச தூரம் போகலாம். இன்ஜெக்ஷன் வண்டியில அந்தக் குழாய் இல்லை. அந்த வேலையை இந்த விளக்குகிட்டதான் கொடுத்திருக்காங்க. அதைவிடப் பெரிய விஷயம், அதுல பெட்ரோல் பம்பு டேங்குக்குள்ளேயே இருக்கு. பம்பு மோட்டாரைக் குளிர வைக்கிறது அதைச் சுத்தியும் அது வழியாவும் ஓடுற பெட்ரோல்தான். டேங்க் அடி தெரியற அளவுக்கு ஓட்டி ஓட்டிப் பழகினா பம்பு சூடாகும், காத்தை இழுக்கும், அடியில கிடக்கிற தூசியும் தண்ணியும் வடிகட்டிக்கு வரும். பாட்டில் பெட்ரோல் போடுற நம்ம ஊர்ல அந்த அடி வண்டல் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். பம்பு விலையை ஒரு தடவை விசாரிச்சுப் பாருங்க.

ஆட்டிப் பார்க்கிறது பகல்ல, நின்ன இடத்துல சரி. ராத்திரி மழையில, நடுப்பாலத்துல எப்படி ஆட்டிப் பார்ப்பீங்க? பங்க்ல வரிசை நிக்கிற நாள்ல எவ்வளவு மிச்சம்னு நிச்சயமாத் தெரிஞ்சாத்தான், இன்னிக்கு நிக்கலாமா நாளைக்குப் போகலாமான்னு முடிவு பண்ண முடியும். கழட்டி விட்ட அந்த ஒயரை மறுபடியும் மாட்டுங்க. என்ன கோளாறுன்னு இங்கேயே எழுதுங்க, சேர்ந்து பார்ப்போம்.


பெகு பையன்

இன்ஜெக்ஷன்தான் அண்ணே. பம்பு விஷயம் எனக்கு யாரும் சொன்னதில்லை. டிஜிட்டல் மீட்டர். கழட்டினதுல இருந்து பெட்ரோல் அளவு காட்டுற கட்டம் எல்லாம் சேர்ந்து மின்னிக்கிட்டே இருக்கு. அதுக்கு முன்னால ஓடும்போது கட்டம் ஏறி இறங்கும், பிரேக் போட்டா விளக்கு வந்து போகும்.


மோலமைன் பட்டறை

எல்லாக் கட்டமும் சேர்ந்து மின்னுறது, சென்சார் ஒயர் அறுந்திருக்குன்னு மீட்டர் உங்ககிட்ட சொல்ற பாஷை. நீங்க கழட்டி வெச்சதைத்தான் அது சொல்லுது. முன்னால இருந்தது கோளாறே இல்லாமக்கூட இருக்கலாம். பெட்ரோல் குறைவா இருக்கும்போது பிரேக் போட்டா முன்னால ஓடும், மேட்டுல ஏறினா பின்னால ஓடும், விளக்கு வந்து வந்து போகும். அதெல்லாம் இயல்புதான். சமதளத்துல நிமிர்த்தி நிறுத்தின வண்டியில, டேங்க் பாதிக்கு மேல இருக்கும்போது கட்டம் துள்ளினா மட்டும் சென்சார் தடம் தேஞ்சிருக்குன்னு சொல்லலாம். மாட்டிப் பார்த்துட்டுச் சொல்லுங்க.


தாட்டோன்காரன்

சயா, ரேடியோ அண்ணே, சோதனை முடிஞ்சது. நீங்க சொன்ன மாதிரியே முற்றத்துல வெச்சு, அப்பாவோட சுருட்டைத் தெரு முனைக்கு அனுப்பிட்டுத்தான் ஆரம்பிச்சேன்.

3.4 வாட் பல்பு ஒண்ணு பழைய இண்டிகேட்டர் சாமான் டப்பாவுல கிடைச்சது. சென்சாரைக் காத்துல தொங்க விட்டேன். முதல்ல ஒண்ணும் இல்லை, மனசு கொஞ்சம் இறங்கிடுச்சு. அப்புறம் இழை மெல்லச் சிவந்து, பார்க்கப் பார்க்க முழுசா எரிஞ்சுது. தண்ணியில முக்கினதும் அப்படியே அடங்கிப்போச்சு. எடுத்தா மறுபடியும் எரியுது. சென்சாருக்கு ஒரு குறையும் இல்லை!

அதே கையோட பல்பை எடுத்துட்டு மீட்டர்ல இருந்த எல்ஈடியை வெச்சும் பார்த்தேன். காத்துலயும் மங்கல், தண்ணிக்குள்ளயும் மங்கல், வித்தியாசமே தெரியலை. வண்டியில நான் பார்த்தது அச்சா அதேதான்.

இப்ப அடுத்தது என்ன? பழைய பல்பே போட்டுடலாமா, இல்லை எல்ஈடியை வெச்சுக்கிட்டே ஏதாவது செய்யலாமா?


ரங்கூன் ரேடியோ

அருமை தம்பி. எல்ஈடியை வெச்சுக்கணும்னா வழி இருக்கு. எல்ஈடிக்குக் குறுக்கா, அதாவது அதோட ரெண்டு முனைக்கும் இணையா, பழைய பல்பு இழுத்த அளவு மின்சாரத்தை இழுக்கிற ஒரு ரிசிஸ்டர் போடணும். 12ஐ 12ஆல பெருக்கி 3.4ஆல வகுத்தா 42 ஓம். கடையில கிடைக்கிறது 47 ஓம், அது போதும்.

டேங்க் நிறைய இருக்கும்போது தெர்மிஸ்டர் ஆயிரம் ஓம், இது 47 ஓம். எல்ஈடிக்குக் கிடைக்கிறது அரை வோல்ட் சொச்சம்தான், அதுல எரியாது. பெட்ரோல் இறங்கினா 47 ஓம் வழியா நல்லா மின்சாரம் ஓடித் தெர்மிஸ்டர் சூடாகும், அதோட தடை விழும், எல்ஈடிக்கு வோல்ட் ஏறும், எரியும்.

வண்டி ஓடும்போது 14 வோல்ட் வரைக்கும் வரும். அப்ப அந்த ரிசிஸ்டர்ல 4 வாட்டுக்கு மேல சூடாகப் போகும். அதனால 10 வாட் சிமெண்ட் ரிசிஸ்டராப் போடுங்க. கால் வாட் ரிசிஸ்டர் போட்டா புகைஞ்சுடும். மீட்டர் பிளாஸ்டிக் கூட்டுக்குள்ளயும் வைக்காதீங்க.


மோலமைன் பட்டறை

ரேடியோக்காரர் கணக்குல குத்தம் சொல்ல எனக்கு ஒண்ணும் இல்லை. ஆனா நான் பல்புதான் போடுவேன்.

காரணம் சொல்றேன். நம்ம பக்கம் வருஷத்துக்கு நாலாயிரம் மில்லிமீட்டருக்கு மேல மழை. சேர்த்து ஒட்டுற ஒவ்வொரு இணைப்பும் நாளைக்குப் பச்சை பிடிக்கப்போற ஒரு இடம். சூடாகிற ஒரு சாமானைத் தலைவிளக்குக் கூட்டுக்குள்ள தொங்கவிட்டு, அது எந்த ஒயரையும் தொடாம பார்த்துக்கணும். அதுவும் எதுக்கு? எப்பவாவது எரியப்போற ஒரு விளக்குல மிச்சம் பிடிக்க. மத்த விளக்குகள் எல்ஈடியாவே இருக்கட்டும், அது ராத்திரி முழுக்க எரியறது, அங்கே மிச்சம் பிடிக்கிறதுல நியாயம் இருக்கு. இந்த ஒண்ணுக்கு மட்டும் பழைய பல்பு. அடுத்து இந்த வண்டியை வாங்கறவருக்கும் குழப்பம் இருக்காது.


ரங்கூன் ரேடியோ

ஒத்துக்கறேன் அண்ணே. சாக்கெட் சூட்டுல உருகிப்போனவங்க, இல்லை எல்ஈடி தட்டையே ஒட்டி வெச்சிருக்கிறவங்க மட்டும் ரிசிஸ்டர் வழிக்குப் போகட்டும்.


பியூ டீச்சர்

ஐயா, சொன்ன வரிசைப்படியே செய்தேன். ப்ளக்கில் இரண்டு ஒயரையும் சேர்த்தபோது முள் அசையவில்லை. சிக்னல் ஒயரைப் பேட்டரி நெகடிவோடு சேர்த்ததும் எழுந்து எஃப் வரை போனது. எர்த் வழிதான் என்று தெரிந்துவிட்டது. பச்சை ஒயரைத் தடவிக்கொண்டே போனால், சீட்டுக்கு அடியில் சட்டத்தோடு திருகியிருந்த இடத்தில் முழுக்கப் பச்சைக் களிம்பு, தொட்டதும் ஒயர் நுனி கையோடு வந்துவிட்டது. உப்புத்தாளால் தேய்த்து, புது முனை வைத்து அழுத்தித் திருகினேன். முள் பாதிக்கு மேல் எழுந்து நிற்கிறது, விளக்கு அணைந்துவிட்டது. டேங்கைத் திறந்து குச்சியால் அளந்தும் பார்த்துவிட்டேன், சரியாகத்தான் காட்டுகிறது. செலவு ஒரு முனைக்கான காசு மட்டும்.

அடுத்த திஞ்சானுக்கு முன்னால் அந்த இடத்தில் எதையாவது பூசலாமா?


மோலமைன் பட்டறை

ரொம்ப சந்தோஷம் டீச்சரம்மா. திருகி இறுக்கின பிறகு மேல கொஞ்சம் கிரீஸ் தடவுங்க, தண்ணி இறங்காது. இறுக்குறதுக்கு முன்னால அடியில அப்பி வைக்காதீங்க, உலோகமும் உலோகமும் நேராத் தொடணும். திஞ்சான் முடிஞ்சதும் சீட்டைத் தூக்கி ஒரு நாள் வெயில்ல காய விடுங்க.


பெகு பையன்

மாட்டிட்டேன் அண்ணே. மின்னுறது நின்னுடுச்சு. பாதி டேங்க்ல நிமிர்த்தி நிறுத்திப் பார்த்தேன், கட்டம் அசையலை. கோளாறே இல்லை போல. இனி ரெண்டு கட்டம் இருக்கும்போதே போட்டுடுவேன்.


தாட்டோன்காரன்

பல்பு மாத்தியாச்சு, நைட்ரைல் வளையம் போட்டாச்சு, சொட்டு இல்லை. சாவி போட்டா விளக்கு வர்றதில்லை. ஓட்டி ஓட்டிப் பெட்ரோல் இறங்கினதும் முதல்ல திருப்பத்துல லேசா வந்து போச்சு, அப்புறம் நிலையா நின்னுடுச்சு.

எரிஞ்ச பிறகு எவ்வளவு மிச்சம்னு தெரிஞ்சுக்கணும்னு, நிலையா எரிஞ்சதும் வீட்டுக்கு வந்து, எஞ்சின் ஆறின பிறகு குழாயை எஞ்சின் ஓடாமலே பெட்ரோல் வர்ற பிரைம் நிலையில வெச்சு லிட்டர் பாட்டில்ல இறக்கி அளந்தேன். மூணு லிட்டர் முழுசா இறங்கி, நாலாவது பாட்டில்ல கொஞ்சம். குழாய் வழியா வந்ததுங்கிறதால எல்லாம் எஞ்சினுக்குக் கிடைக்கிற பெட்ரோல்தான். என் வண்டி லிட்டருக்கு 25 கிலோமீட்டர் கொடுக்குது. கணக்குப்படி மோலமைன்ல விளக்கு வந்தாக்கூட தாட்டோன் வந்து சேர்ந்துடலாம்.

பாய், அந்தச் சென்சார் இனி எனக்கு வேண்டாம். யாருக்காவது நிஜமாவே தேவைப்பட்டா கொடுங்க.


மோலமைன் பட்டறை

சேர்ந்துடலாம்னு கணக்கு சொல்லும் தம்பி, ஆனா எதிர்க்காத்துல, பின்னால ஆள் வெச்சு, மழையில ஓட்டினா லிட்டருக்கு 25 வராது. விளக்கு வந்ததும் 50 கிலோமீட்டர்னு மட்டும் மனசுல வெச்சுக்குங்க. இன்னொண்ணு, மார்கழிக் காலைக் குளிர்ல தெர்மிஸ்டர் சூடாக இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கும், விளக்கு லேட்டா வர்ற மாதிரி தெரியும். அதைப் பார்த்துட்டு மறுபடியும் டேங்கைக் கழட்டாதீங்க.